வல்லத்துச் செம்மண்ணில் கல் பொறுக்கும் முறை

மன்னார்குடிக்குக் கிழக்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, காக்கையை விரட்ட எறிவதற்குக்கூட மண்ணாங்கட்டிதான் அகப்படும். கல் என்றால் அது ரயில் பாதையில் கொட்டிய ஜல்லி, இல்லையென்றால் வீட்டு அம்மி. 1010இல் குடமுழுக்குக் கண்ட தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கருங்கல் வெளியூரிலிருந்துதான் வந்தது. காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டலின் மேல் உட்கார்ந்திருக்கும் நாட்டில் மணிக்கல் சேகரிப்பதற்கு வழிகாட்டி எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் டெல்டா முடிகிற விளிம்பில், தஞ்சாவூரிலிருந்து திருச்சி சாலையில் சுமார் 11 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வல்லத்தில், தரை மெல்ல மேடேறி மண் சிவக்கத் தொடங்குகிறது; கல் பொறுக்க விரும்புகிறவர் வயலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த மேட்டு நிலம் புவியியலார் கடலூர் மணற்கல் என்று பெயரிட்ட படிவத்தைச் சேர்ந்தது. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களைத் தாங்கி நிற்பதும் இதே படிவந்தான். பழைய ஆறுகள் மேற்கிலிருந்து உருட்டிக்கொண்டு வந்த சரளையும் மணலும் இங்கே தங்கின. அவற்றில் இருந்த ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்கள் மழையிலும் வெயிலிலும் மட்கிக் களிமண்ணாகிவிட, இரும்பு துருவாகி மண்ணைச் சிவப்பாக்கிவிட, எதற்கும் அசையாத குவார்ட்ஸ் என்ற படிகக்கல் மட்டும் கூழாங்கல்லாக எஞ்சி நின்றது. அந்தக் கூழாங்கற்களில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ உள்ளே கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். இவைதாம் ஒரு காலத்தில் வல்லம் கற்கள் என்று பெயர் பெற்று, தஞ்சாவூரில் மூக்குக் கண்ணாடிக்கு வில்லையாகத் தேய்க்கப்பட்டவை. படிகக் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். கையில் எடுத்தால் சாதாரணக் கண்ணாடியைவிடச் சில்லென்று இருப்பது உண்மை, எளிதில் கீறல் விழாது என்பதும் உண்மை. ஆனால் சாதாரணக் கண்ணாடி பெருமளவு தடுத்துவிடும் புற ஊதாக் கதிரைப் படிகம் உள்ளே விட்டுவிடும் என்பதால், கண்ணுக்கு நல்லது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது பாலைவனத்தின் வழியாக. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் ஒரு முறை ஊருக்கு வந்தபோது, புளியங்கொட்டை நிறத்தில் திராட்சைக் கொத்துப் போல மொட்டு மொட்டாக இருந்த ஒரு கல்லைக் கொடுத்தான். தண்ணீரில் நனைத்துச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று பார்த்தபோது, அதன் ஒரு மூலையில் பச்சையும் சிவப்பும் தணல் போல எழுந்து மறைந்தன. நெருப்பு அகேட் என்ற அந்தக் கல் சால்சிடனி என்ற நுண்படிகக் குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தது; அதனுள்ளே இரும்பு ஆக்சைடு மிக மெல்லிய ஏடுகளாகப் படிந்திருப்பதால், மழை நீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் நிறங்கள் தோன்றுவது போலவே அதிலும் தோன்றுகின்றன. அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா, மெக்சிகோ ஆகிய இடங்களின் எரிமலைப் பாறைப் பகுதிகளில்தான் அது பெரிதும் கிடைக்கிறது. நம் ஊரில் அதைத் தேடிப் பயனில்லை. ஆனால் அவன் அதைத் தேடும் முறை, தோல் பார்த்துக் கல்லை அறியும் அந்த முறை, வல்லத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

முதலில் அனுமதி. அரிசோனாவில் சாஃபோர்டு நகருக்கு அருகில் பிளாக் ஹில்ஸ் என்ற இடத்தில், பொழுதுபோக்காகக் கல் சேகரிப்பவர்களுக்கென்றே அந்நாட்டு நில மேலாண்மைத் துறை ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. அப்படி ஒதுக்கிய நிலம் நமக்கு இல்லை. வல்லம், செங்கிப்பட்டி, கந்தர்வகோட்டைப் பக்கத்து மேடுகள் யாரோ ஒருவருடைய முந்திரித் தோப்பாகவோ, வனத்துறையின் தைல மரக் காடாகவோ, புறம்போக்காகவோதான் இருக்கும். காட்டுக்குள் போகவே கூடாது. தோப்பென்றால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஊர்ப் புறம்போக்கென்றாலும் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. டெல்டாவில் குனிந்து மண்ணைப் பார்க்கிறவன் மீது இயல்பாகவே சந்தேகம் எழும். எண்ணெய், எரிவாயு எடுக்கும் புதிய திட்டங்களைத் தடுக்கும் வேளாண் மண்டலச் சட்டம் 2020இல் வந்த பிறகும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. ஒரு முந்திரித் தோப்பின் காவல்காரப் பெரியவர் என் தோள்பையையும் உருப்பெருக்கியையும் பார்த்துவிட்டு, "தம்பி, மீத்தேனுக்கா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "இல்லீங்கய்யா, கூழாங்கல்லு பொறுக்க வந்தேன்" என்றதும் அவர் இன்னும் அதிகமாகச் சந்தேகப்பட்டார். பையைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் சிரித்தார். அடுத்த முறை அவரே மழையில் அரித்துக் கிடந்த ஓர் ஓடையைக் காட்டினார்.

அனுமதி கிடைத்தாலும் தோண்டுவது வேண்டாம். மண் எடுப்பதும் கனிமம் எடுப்பதும் 1957ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் கீழ் வருபவை. மேற்பரப்பில் மழை கழுவி வைத்ததில் கைக்கடங்குகிற மாதிரிகளை மட்டும், நிலத்துக்குரியவர் அறிய எடுத்துக்கொள்வதே சேகரிப்பவருக்கு அழகு. திருவக்கரைப் புதைபடிவ மரப் பூங்காவிலும், கொள்ளிடத்துக்கு வடக்கே சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரத்தின் அருகிலும் ஒரு சில்லுக்கூட எடுக்கக் கூடாது. அவை தேசியப் புவியியல் சின்னங்கள். வேலிக்கு வெளியே உதிர்ந்து கிடந்தது என்ற சமாதானம் அங்கே செல்லாது.

காலம் பற்றிச் சொல்வதானால், வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு, தை பிறந்ததிலிருந்து மாசி வரை மிகச் சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மண்ணை அரித்துச் சென்றிருக்கும். கற்கள் மேலே துருத்திக்கொண்டு கழுவிய முகத்தோடு கிடக்கும். புல் இன்னும் காய்ந்து மூடியிருக்காது. பங்குனிக்குப் பிறகு செம்மண் தூசி எல்லாக் கல்லையும் ஒரே நிறமாக்கிவிடுவதோடு, காலை 10 மணிக்கு மேல் தரை காலைச் சுடும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை மிகக் கொஞ்சம்: நீளமான கம்பு ஒன்று, களைக்கொத்து ஒன்று, 10 மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை உருப்பெருக்கி, தெளிப்பான் மூடி வைத்த தண்ணீர்க் குப்பி, பழைய செய்தித்தாள், பென்சில், குறிப்பேடு, கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த மஞ்சள் பைகள் நாலைந்து. களைக்கொத்து தோண்டுவதற்கு அல்ல, தளர்ந்த சரளையைக் கிளறிப் பார்ப்பதற்கு. கம்புதான் எல்லாவற்றையும்விட முக்கியம். சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் இந்தச் சரளை மேட்டில் உண்டு. பெரிய கல்லைப் புரட்ட வேண்டுமென்றால் கையை விடாமல், அதன் எதிர்ப்புற விளிம்பில் கம்பின் நுனியைக் கொடுத்துத் தன் பக்கமாகச் சாய்க்க வேண்டும். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது நம்மைப் பார்த்து வராமல் அந்தப் பக்கமாக ஓடும்.

நடக்கும் முறையில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கண் கூசாமல் இருக்கச் சூரியனுக்கு முதுகைக் காட்டி நடப்பது இயல்பு. கல் பொறுக்குகிறவர் அதற்கு நேர்மாறாக, காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை, தாழ்ந்த வெயிலை எதிர்நோக்கிக் கிழக்கே நடக்க வேண்டும். ஒளி புகாத கல் கருப்பாகத் தெரியும். ஒளி புகும் கல் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கி விளிம்பில் நல்லெண்ணெய்த் துளி போல மின்னும். பாலைவனத்தில் சால்சிடனியைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். இரண்டு எட்டு தூரத்துக்கு மேல் பார்வையை ஓட விடாமல், ஓடையின் ஒரு கரையில் ஏறி மறு கரையில் இறங்க வேண்டும். ஓடை வளைகிற இடத்தின் உட்புறம், மரவேர் தடுத்து நிறுத்திய சரளை, சிறு தடுப்பணைக்கு மேலே தேங்கிய மண் ஆகிய மூன்று இடங்களிலும் நின்று பார்க்க வேண்டும். நீர் வேகம் குறைகிற இடத்தில்தான் கையிலிருப்பதைக் கீழே போடும்.

இனித் தோல். வல்லத்துப் படிகம் தரையில் கிடக்கும்போது படிகம் போலவே இருக்காது. ஆற்றில் உருண்ட காலத்தில் விழுந்த ஆயிரக்கணக்கான சிறு மோதல்களால் மேற்பரப்பு உறைபனி படிந்தது போல மங்கியிருக்கும்; அதன் மேல் துருக்கறை மஞ்சளாகவோ காவியாகவோ ஏறியிருக்கும். பார்வைக்கு அழுக்குப் படிந்த கற்கண்டுக் கட்டி போல இருக்கும் என்று சொன்னால் மிகையில்லை. அதை எடுத்துத் தண்ணீர் தெளித்து, வெயிலுக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். நனைந்த கணத்தில் மேற்பரப்பின் மங்கல் நிரம்பி, உட்புறம் ஜன்னல் திறந்தது போலத் தெரியும், காய்ந்ததும் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் உள்ளே வெள்ளை மேகம், இறகு போன்ற விரிசல், ஊசி போன்ற கோடுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம். வெள்ளையாகவே இருக்கும் பால் குவார்ட்ஸ் எங்கும் கிடைக்கும், அதை விட்டுவிடலாம். புகை நிறத்தில் தேநீர் போல இருப்பது கிடைத்தால் அது அரிது, பத்திரப்படுத்த வேண்டும். எக்காரணம் கொண்டும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சுத்தியலால் உடைக்கக் கூடாது. குவார்ட்ஸுக்குப் பிளவுத் தளம் கிடையாது. அது சங்கின் வளைவு போலக் கண்டபடி உடைந்து நல்ல கல்லையும் சில்லாக்கிவிடும்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்தது கல்லா கண்ணாடியா என்று தீர்மானிக்க வேண்டும். சாலையோரத்தில் தேய்ந்த சோடா பாட்டில் துண்டும் நனைத்தால் அழகாகத்தான் இருக்கும். உருப்பெருக்கியில் உருண்டையான குமிழிகள் தெரிந்தால் அது கண்ணாடி என்று வைத்துக்கொள்ளலாம். ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸ் 7, ஜன்னல் கண்ணாடி ஏறத்தாழ 5.5, ஆகவே குவார்ட்ஸின் கூரான விளிம்பு கண்ணாடித் துண்டின் மேல் தயக்கமில்லாமல் கோடு போடும். கோட்டை விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மென்மையான கல் தானே தேய்ந்து விட்டுச்செல்லும் மாவும் கோடு போலவே தோன்றும்.

இவற்றைவிட நம்பகமானது அடர்த்தி. நகைக்கடைக்காரர்கள் பயன்படுத்தும், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய எண்மத் தராசு போதும். கல்லை முதலில் எடை போட்டுக் குறித்துக்கொண்டு, பிறகு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் முழுக மூழ்கும்படி கையில் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், கல் விலக்கிய நீரின் எடை. முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். என்னிடமுள்ள ஒரு கல் 31.8 கிராம், நீரில் தொங்கியபோது தராசு காட்டியது 12.0; வகுத்தால் 2.65, குவார்ட்ஸுக்கு உரிய எண் அதுதான். அதே எடையில் சாதாரணக் கண்ணாடி இருந்தால், அதன் அடர்த்தி சுமார் 2.5 என்பதால், தராசு 12.7 காட்டியிருக்கும். சமையலறையில் மாவு நிறுக்கும் ஒரு கிராம் தராசு இதற்கு ஏன் உதவாது என்பது இதிலிருந்தே புரியும். கல்லில் ஒட்டிக்கொள்ளும் காற்றுக் குமிழியை விரலால் தட்டிவிட மறக்கக் கூடாது. பூஜை சாமான் கடைகளில் வாங்கிய ஸ்படிகத்தையும் இப்படிச் சோதிக்கலாம். வீட்டில் மனஸ்தாபம் வந்தால் நான் பொறுப்பல்ல.

ஆற்றில் தேடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காவிரிக்கு மேலே காங்கேயம், கரூர்ப் பகுதிகள் மணிக்கற்களுக்குப் பேர்போனவை. நொய்யலும் அமராவதியும் அங்கிருந்து வந்துதான் காவிரியில் சேர்கின்றன. ஆனால் முக்கொம்பில் கூழாங்கல்லாகக் காண்பது கல்லணைக்குக் கீழே மணலாகி, திருத்துறைப்பூண்டிக்குப் போகும்போது வெறும் சேறாகிவிடுகிறது. தேடுவதென்றால் திருச்சிக்கு மேலேதான், அதுவும் கோடையில் மட்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள் என்பது பாசனத்துக்கான கணக்கு. மேலே மழை பெய்தால் எந்த மாதத்திலும் நீர் திறக்கப்படலாம். கொள்ளிடத்தின் மணல் திட்டில் நிற்கும்போது, நமக்கும் கரைக்கும் நடுவில் உள்ள தாழ்வான ஓடைதான் முதலில் நிரம்பும். ஆகவே அன்றைய நீர் வெளியேற்ற அறிவிப்பைப் பார்க்காமல் உள்ளே இறங்கக் கூடாது.

இங்கே ஒரு முக்கியமான செய்தி. கோதாவரியும் கிருஷ்ணாவும் தக்காணத்து எரிமலைப் பாறைகளின் மேல் ஓடி வருவதால் அவற்றின் மணலில் அகேட்டும் சூதுபவளமும் இயல்பாகவே கிடைக்கும். காவிரி அந்தப் பாறைகளைத் தொடுவதில்லை. எனவே டெல்டாவில், அதிலும் பூம்புகார் பக்கம், ஆரஞ்சு நிறத்தில் மழமழப்பான சூதுபவளத் துண்டு கண்ணில் பட்டால், அதை ஆறு கொண்டு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மனிதர் கைதான் கொண்டு வந்திருக்கும். நொய்யல் கரையில் உள்ள பண்டைய ஊரான கொடுமணலில் கல் மணி செய்த பட்டறைகளின் எச்சங்களே அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. எடுத்த கல்லில் நேரான துளை ஒன்று ஓடுகிறதா, ஒரு பக்கம் பட்டையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது மாதிரிக் கல் அல்ல, தொல்பொருள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கிடந்த இடத்திலேயே விட்டு, பக்கத்தில் அளவுக்கு ஒரு பென்சிலை வைத்துப் படம் எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்திலோ தொல்லியல் துறையிலோ சொல்லிவிடுவதுதான் முறை. மண்ணின் எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு சேர்ந்து கிடந்தது என்பதில்தான் அந்த மணியின் பயன் முழுவதும் இருக்கிறது. சட்டைப் பையில் போட்ட மறுகணம் அது போய்விடும்.

கடற்கரையில் பார்க்க மட்டுமே செய்யலாம். தரங்கம்பாடியிலோ பூம்புகாரிலோ அலை பின்வாங்கும் சரிவில் கருஞ்சிவப்பாகப் பட்டை ஓடினால், அது கார்னெட்டும் இல்மனைட்டும் சேர்ந்த கன மணல். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்து உருப்பெருக்கியில் பார்த்தால் மாதுளை முத்துச் சில்லுகள் போலக் கார்னெட் தெரியும். பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினால் மேக்னடைட் துகள்கள் மட்டும் எழுந்து நடக்கும். பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிட வேண்டும். 2013இல் தமிழ்நாடு அரசு தாது மணல் அள்ளுவதைத் தடை செய்தது. தவிர, இத்தகைய மணலில் கதிரியக்கமுள்ள மோனசைட்டும் கலந்திருக்கக்கூடும் என்பதால் வீட்டில் சேர்த்து வைப்பதற்கு உரியது அல்ல.

கறை நீக்கும் வேலைக்கு எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, கல்லை நாலைந்து நாள் ஊற வைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, இறுதியில் சமையல் சோடா கலந்த நீரில் ஒரு நாள் வைத்து எடுக்க வேண்டும். கழிப்பறை அமிலத்தையோ, ஆக்ஸாலிக் அமிலத்தையோ நான் பரிந்துரைப்பதில்லை. பின்னது கறையை வேகமாக எடுக்கும், ஆனால் நஞ்சு. குவார்ட்ஸுக்கு மட்டுமே இந்த முறை என்பதை நான் கசப்பாகக் கற்றேன். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர் ஒருவர் கொடுத்த கல்லான சிப்பியை, அதுவும் பளிச்சென்று வரட்டும் என்று அதே வாளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் வரிவரியாக இருந்த அதன் மேடுகள் எல்லாம் சப்பிய மிட்டாய் போல வழுவழுப்பாகிவிட்டன. சுண்ணாம்பு எந்த அமிலத்தையும் தாங்காது. சந்தேகமிருந்தால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, நுரைக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

அந்தச் சிப்பியை நான் தூக்கி எறியவில்லை, ஏனென்றால் அதன் சீட்டு இன்னும் இருக்கிறது. கல்லில் வெள்ளைத் திருத்த மையால் ஒரு சிறு புள்ளி வைத்து, காய்ந்த பின் அதன் மேல் கருப்பு மையால் எண் எழுதி, அதே எண்ணைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும். என் ஏட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கிறது: "வ 14. வல்லத்துக்குத் தெற்கே முந்திரித் தோப்பு, ஓடையின் இடது கரை, இரண்டாவது வளைவு. தை 20. தரை மட்டத்தில், துருக்கட்டிக்கு மேல். 31.8 கிராம், 2.65. புகை நிறம், ஒரு பக்கம் இறகு விரிசல்." இதைக் களத்தில் நிற்கும்போதே, பென்சிலால் எழுத வேண்டும், மை வியர்வையில் கரையும், மாலையில் நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டால் எல்லா ஓடையும் ஒரே ஓடையாகிவிடும்.

பட்டை தீட்ட ஆசைப்படுகிறவர்களுக்குத் திருச்சி பக்கத்தில் இருக்கிறது. செயற்கை வைரம் தீட்டும் குடிசைத் தொழில் அங்கே பல காலமாக நடந்துவருவதால், குவார்ட்ஸ் அந்தக் கைகளுக்குப் பெரிய வேலை அல்ல. ஆனால் கொடுக்கும்போதே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: ஒரு முகத்தை மட்டும் ஜன்னல் போலத் தேய்த்தால் போதும், மற்ற பக்கங்களில் உள்ள காவித் தோலை அப்படியே விட்டுவிட வேண்டும், எண் எழுதிய புள்ளியின் மேல் சக்கரம் படக் கூடாது. இரண்டாவது முறை நினைவூட்டாவிட்டால் நான்கு பக்கமும் பளபளவென்று தேய்த்து, புள்ளியையும் சேர்த்து அழித்து, மோதிரத்துக்கு ஏற்ற அளவில் சிரித்துக்கொண்டே கையில் கொடுப்பார்கள்.